கட்டற்ற அறிவுத்தளங்களில் பங்களிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தமிழ் விக்கிப்பீடியா, நூல்களைத் தட்டச்சு வடிவில் சேர்க்கும் விக்கிமூலம், படங்களும் ஒலிகளும் சேரும் பொதுவகம் (விக்கிமீடியா காமன்ஸ்), யாரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆகிய தளங்களைப் பற்றி இந்தப் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பாகூர், கல்லூரி மாணவர்: சார், எங்க ஊர்க் கோயிலைப் பற்றி தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதினேன். இரண்டே நாளில் நீக்கிட்டாங்க. ஏன்?

நீக்கல் பதிவில் காரணம் ஒரு வரியில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். கோயில் கட்டுரைகள் நீக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஏதோ ஒரு ஆன்மிகத் தளத்தில் இருந்த தலவரலாறு அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். நான்கு சொல்லை மாற்றினாலும் அது நகல்தான். தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது; எழுதிய விதத்துக்கு உண்டு. ஆகவே புத்தகத்தைப் படித்து, குறிப்பெடுத்து, மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் நூலாசிரியரின் வாக்கியம் உங்கள் விரலில் வந்துவிடும்.

இன்னொன்று, ஏற்கெனவே கட்டுரை இருந்திருக்கலாம். பாகூர் என்று தேடியதோடு நிற்காமல் வாகூர் என்றும் தேடுங்கள். பழைய பெயர் அதுதான்.

மீண்டும் எழுதும்போது மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கான பக்கம்) தொடங்குங்கள். ஐந்தே வாக்கியம் போதும், ஆனால் ஐந்துக்கும் மேற்கோள் வேண்டும். பாகூர்க்காரருக்குச் சான்றுப் பஞ்சம் இல்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடு உங்கள் ஊர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. புதுச்சேரிக் கல்வெட்டுகள் தொகுதியாகவே அச்சில் வந்திருக்கின்றன. நூற்பெயர், பக்க எண், கல்வெட்டு எண் மூன்றையும் கொடுங்கள். "2000 ஆண்டுகள் பழமையானது என்று நம்பப்படுகிறது" என்ற வரியை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். யார் நம்புகிறார், எங்கே எழுதியிருக்கிறார் என்று அடுத்த நிமிடமே கேட்பார்கள்.

பண்ருட்டி, வாசகி: எங்கள் தாத்தா எழுதிய ஆறு நூல்கள் இருக்கின்றன. அவர் 1971இல் காலமானார். விக்கிமூலத்தில் ஏற்றலாமா?

இப்போதைக்கு அப்படியே ஏற்ற முடியாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் பதிப்புரிமை இருக்கும். அந்த 60 ஆண்டும் இறந்த நாளிலிருந்து அல்ல, அடுத்த ஆண்டு ஜனவரி 1இலிருந்து கணக்கிடப்படும். உங்கள் தாத்தாவின் நூல்களுக்கு 2031 டிசம்பர் 31 வரை காப்பு உண்டு. 2032 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றால் குடும்பமே உரிமம் கொடுக்கலாம். இதில் மூன்று இடத்தில் ஆட்கள் வழுக்குவதைப் பார்க்கிறோம்.

"விக்கிமூலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கடிதம் கொடுப்பது முதல் தவறு. அப்படிக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். யார் வேண்டுமானாலும், வணிக நோக்கத்துக்கும்கூட, எடுத்தாளலாம், மாற்றலாம் என்பதுதான் உரிமத்தின் பொருள். கடிதத்தில் "கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் ஷேர்-அலைக் 4.0" என்று உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு பதிப்பகம் அதே நூலை அச்சிட்டு 200 ரூபாய்க்கு விற்றாலும், ஆசிரியர் பெயரும் உரிமமும் போட்டிருந்தால் நீங்கள் தடுக்க முடியாது. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. இதைச் சித்தப்பா, அத்தை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, வாரிசு ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுவது. உயில் இல்லையென்றால் உரிமை எல்லா வாரிசுகளுக்கும் சேர்ந்தது, ஆகவே எல்லோரும் போட வேண்டும்.

மூன்றாவது, பதிப்பகத்தை மறந்துவிடுவது. தாத்தா உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாரா, ஒரு பதிப்புக்கு மட்டும் அனுமதி தந்தாரா என்பது பழைய ஒப்பந்தத்தில்தான் தெரியும். தேடிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், விக்கிப்பீடியாவையும் விக்கிமூலத்தையும் நடத்தும் விக்கிமீடியாவின் அனுமதி சரிபார்க்கும் தன்னார்வலர் குழுவுக்கு மின்னஞ்சல் போக வேண்டும். அவர்கள் கொடுக்கும் சீட்டு எண் கோப்பின் பக்கத்தில் ஏறும்.

புதுச்சேரி, தமிழாசிரியர்: பாரதிதாசன் நூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?

இல்லை. அவர் மறைந்தது 1964, ஆகவே 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. அதற்கு வெகு முன்பே தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆனால் ஒரு நுணுக்கம்: விக்கிமீடியா வழங்கிகள் (தளங்களை வைத்திருக்கும் கணினிகள்) அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. 1996 ஜனவரி 1 அன்று இந்தியாவில் பதிப்புரிமை உயிரோடு இருந்த நூலுக்கு, அது வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு அமெரிக்காவில் காப்பு உண்டு. அதனால் "60 ஆண்டு ஆகிவிட்டது" என்ற காரணத்தை மட்டும் எழுதினால் கோப்புக்குக் கேள்வி வரும். நாட்டுடைமை என்ற காரணத்துக்குரிய வார்ப்புருவை (பக்கத்தில் இடும் ஆயத்தக் குறிப்பு) இடுங்கள்.

கையில் இருக்கும் பதிப்பையும் பாருங்கள். பாட்டு பாரதிதாசனுடையது, ஆனால் 1998இல் ஒரு பேராசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அட்டை ஓவியமும் அப்படியே.

நெல்லிக்குப்பம், நூலகர்: பழைய நூலை வருட (ஸ்கேன் செய்ய) இயந்திரம் இல்லை. செல்பேசி போதுமா?

தாராளமாக. கணக்கு இதுதான்: எழுத்துணரிக்கு (படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக்கும் மென்பொருள்) அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 12 மெகாபிக்சல் படம் 4000 × 3000 புள்ளி. டெம்மி அளவு நூலை விரித்தால் ஏறக்குறைய 11 × 8.5 அங்குலம். படச்சட்டம் நிறையப் பிடித்தால் 350 புள்ளிக்கு மேலேயே கிடைக்கும். கையில் பிடித்து எடுக்காதீர்கள், தாங்கி வையுங்கள். விளக்கு இரண்டு, இருபக்கமும் 45 பாகையில். மேலிருந்து ஒரே குழல்விளக்கு என்றால் செல்பேசியின் நிழலே நடுப்பக்கத்தில் விழும். தைத்த நூலை 180 பாகை விரித்தால் முதுகு உடையும். 100 பாகை அளவில் சாய்த்து வைத்து ஒற்றைப்படைப் பக்கங்களை முழுதும் எடுத்துவிட்டு, பிறகு இரட்டைப்படை. வெட்டி நேராக்க ஸ்கேன்டெய்லர் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது.

எடுத்து முடித்ததும் பக்க எண்ணை எண்ணிப் பாருங்கள். 112க்கு அடுத்து 115 வருவதை மெய்ப்புப் பார்க்கும் நேரத்தில் கண்டுபிடித்தால், அதற்குள் நூலைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.

சிதம்பரம், ஓய்வுபெற்ற ஆசிரியை: விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

அம்மா, உங்களைப் போன்றவர்கள்தான் அங்கே வேண்டும். எழுத்துணரி தமிழில் செய்யும் பிழைகள் கொஞ்சம்தான், ஆனால் திரும்பத் திரும்பச் செய்யும்.

முதல் பிழை, துணைக்காலும் ரகரமும் இடம் மாறுவது. "பார்" என்பது "பரர்" ஆகும். அடுத்து ண, ன. அதற்கடுத்து பழைய எழுத்து. 1978க்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குப் பழைய வடிவம் இருக்கும், கொக்கியும் துதிக்கையுமாக. எழுத்துணரி அங்கே வாய்க்கு வந்ததைப் போடும். இன்றைய வடிவத்தில் தட்டிவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் மோசம். "கௌ" என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டினாலும் திரையில் ஏறக்குறைய அப்படியே தெரியும்; கணினிக்கு அது "கெள". தேடினால் கிடைக்காது. கௌதமனைக் காணவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கும். ஔவையாரும் இப்படித்தான் "ஒளவையார்" ஆகிறார். தமிழ் எண்களிலும் கவனம்: ௧ வேறு, க வேறு, ௭ வேறு, எ வேறு.

அச்சுப்பிழையைத் திருத்தாதீர்கள். மூல நூலில் என்ன இருக்கிறதோ அதுவே வர வேண்டும். பிழை என்று குறிக்கத் தனி வார்ப்புரு உண்டு. ஆசிரியைகளுக்கு இதுதான் கஷ்டம், கை பரபரக்கும்.

நீங்கள் பார்த்து முடித்த பக்கத்தின் நிலைக்குறி மஞ்சளாகும். அதைப் பச்சையாக்க வேறொருவர் வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய மென்பொருளே விடாது. ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டு, நீங்கள் பார்த்ததை அவரும் அவர் பார்த்ததை நீங்களும் பார்த்தால் நூல் வேகமாக முடியும்.

புதுச்சேரி, ஒளிப்படக்காரர்: வெள்ளையர் நகரத்துச் சுவரோவியங்களைப் படம்பிடித்துப் பொதுவகத்தில் ஏற்றினேன். நீக்கல் வேண்டுகோள் வந்திருக்கிறது. காந்தி சிலைப் படத்துக்கு வரவில்லை. இதென்ன நியாயம் அண்ணா?

சட்டம் அப்படி. பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிலையையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்த விலக்கு கிடையாது. வரைந்தவரின் உரிமை அப்படியே இருக்கிறது. அவர் எழுத்தில் உரிமம் தந்தால் படம் தங்கும். தெரு முழுவதையும் எடுக்கும்போது ஓவியம் ஓரத்தில் தற்செயலாக வந்தால் சிக்கல் இல்லை. ஆயி மண்டபம், கலங்கரை விளக்கம் எல்லாம் தாராளமாக எடுங்கள்.

உரிமம் தேர்வு செய்யும்போது "வணிகப் பயன்பாடு கூடாது" என்பதைத் தொடாதீர்கள். பொதுவகம் அதை ஏற்பதில்லை. வீட்டில் எடுத்த படமென்றால் ஏற்றுமுன் கோப்பில் உள்ள ஜிபிஎஸ் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

புதுச்சேரி, ஓட்டுநர்: ஒரே தெருவுக்குத் தமிழ், பிரெஞ்சு, பேச்சுவழக்கு என்று மூன்று பெயர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எதைப் போடுவது?

மூன்றையும், ஆனால் அதனதன் பெட்டியில். பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால் மொழி கேட்கும். பலகையில் உள்ள தமிழைத் தமிழிலும், பிரெஞ்சைப் பிரெஞ்சிலும், எழுத்துக்கூட்டு மாறாமல் கொடுங்கள். கூபேர் அவென்யூவை எல்லோரும் பீச் ரோடு என்கிறோம். அது மாற்றுப்பெயர்ப் பெட்டிக்கு. பெயர் மாறிய தெருவென்றால் பழைய பெயருக்கும் தனிப்பெட்டி உண்டு. எல்லாவற்றையும் சாய்கோடு போட்டு ஒரே பெட்டியில் திணித்தால் வழிசொல்லும் செயலி முழுவதையும் வாசித்து உயிரை வாங்கும்.

கூகுள் மேப்பைப் பார்த்து ஒரு பெயர்கூட எடுக்கக் கூடாது. தெருவுக்குப் போய்ப் பலகையைப் படமெடுத்து வாருங்கள். உங்கள் வண்டியும் உங்கள் கண்ணும் போதும்.

கடலூர் முதுநகர், பொறியியல் மாணவி: மழைவெள்ளக் காலத்துக்காக வடிகால்களை வரைபடத்தில் ஏற்ற நினைக்கிறோம்.

நல்ல வேலை, கோடையிலேயே தொடங்குங்கள். வாய்க்காலைக் கோடாக வரையும்போது கோடு வரையும் திசைதான் தண்ணீர் ஓடும் திசை. கெடிலத்தை நோக்கி ஓடுவதைத் தலைகீழாக வரைந்துவிட்டால் அந்தத் தரவை வைத்துக் கணிப்பவர் தப்பான தெருவுக்குப் படகு அனுப்புவார். தெருவுக்கு அடியில் குழாயாகப் போகும் இடத்தில் கோட்டை வெட்டி, அந்தத் துண்டுக்கு மட்டும் மதகுக்குழாய் (கல்வெர்ட்) என்றும் அடுக்கு −1 (தெருவுக்குக் கீழே) என்றும் கொடுங்கள். இல்லாவிட்டால் தெருவும் வாய்க்காலும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொள்ளும்.

செயற்கைக்கோள் படம் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். வரையத் தொடங்குமுன் தெருவில் நடந்து எடுத்த ஜிபிஎஸ் தடத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். ஏரிக்குக் கரையை ஒட்டி எல்லை வரைந்து, கோடையில் வற்றும் என்றால் அதற்கான குறிப்பைச் சேருங்கள். ஒருநாள் வெள்ளம் நின்ற வயலை ஏரியாக வரையாதீர்கள்.

புயலுக்குப் பின் தேவனாம்பட்டினம் முகத்துவாரம் மாறியிருந்தாலும் கடற்கரைக் கோட்டைப் புதியவர்கள் தொட வேண்டாம். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் நிலம், வலப்பக்கம் கடல் என்பது விதி. நடுவில் அறுந்தால் வரைபடத்தில் கடல் ஊருக்குள் வந்துவிடும். அதற்குப் புயலே தேவையில்லை.

கடலூர், கல்லூரி ஒருங்கிணைப்பாளர்: விக்கிப்பீடியா பயிற்சிப் பட்டறையில் ஆறு பேருக்கு மேல் கணக்குத் தொடங்க முடியவில்லை.

ஒரே இணைய முகவரியிலிருந்து (ஐபி) 24 மணி நேரத்தில் 6 கணக்குதான். கல்லூரி முழுவதும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தெரியும். முந்தின நாளே வீட்டிலிருந்து தொடங்கி வரச் சொல்லுங்கள். மறந்தவர்களுக்குச் செல்பேசி இணையம். பெரிய பட்டறை என்றால் ஒரு வாரம் முன்பே ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) எழுதுங்கள், வரம்பைத் தளர்த்த வழி உண்டு. கல்லூரிப் பெயரில் ஒரே கணக்கைப் பத்துப் பேர் பயன்படுத்தினால் தடை வரும். பரிசு அறிவித்துக் கட்டுரை எண்ணிக்கையை ஏற்றவும் வேண்டாம். முப்பது குப்பைக் கட்டுரையைத் துப்புரவு செய்பவரும் சம்பளமில்லாத ஆள்தான்.

விருத்தாசலம், மாணவர்: செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை ஒட்டலாமா?

வேண்டாம். இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் கொடுக்கும். நீங்கள் திறந்து பார்க்காத நூலைச் சான்றாக வைக்காதீர்கள்.

குறிஞ்சிப்பாடி, பள்ளி ஆசிரியர்: இணையமில்லாத வகுப்பில் விக்கிப்பீடியா காட்ட முடியுமா?

கிவிக்ஸ் செயலி. தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகப் பதிவிறக்கலாம். படத்தோடு, படமில்லாமல், முன்னுரை மட்டும் என்று மூன்று அளவில் தருகிறார்கள். பழைய கணினிக்குப் படமில்லாதது.

கடலூர், மீனவ கிராமத்து இளைஞர்: எங்க தாத்தா காற்றுக்கும் மீனுக்கும் சொல்ற பேரெல்லாம் எங்கயும் இல்லை. எப்படிச் சேர்ப்பது அண்ணே?

குரலாகச் சேருங்கள் தம்பி. லிங்குவா லிப்ரே என்ற தளத்தில் சொற்பட்டியலைக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டும். அவர் சொல்லச் சொல்லத் தனித்தனிக் கோப்பாக வெட்டிப் பொதுவகத்தில் ஏற்றும், விக்சனரி என்ற கட்டற்ற அகராதியின் சொல்லோடு இணைக்கலாம். பேசுபவர் விவரத்தில் அவர் ஊரைக் குறியுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற காற்றுப் பெயர்களுக்கெல்லாம் குப்பத்துக்குக் குப்பம் திசை கொஞ்சம் மாறும், ஆகவே எந்தக் குப்பம் என்பது முக்கியம்.

கரையில் பதிவு செய்யாதீர்கள், காற்று ஒலிவாங்கியில் அறையும். மெத்தை, துணி உள்ள அறை, மின்விசிறியை நிறுத்துங்கள், வாயிலிருந்து ஒரு சாண் தூரம். தாத்தாவுக்குத் திரை வாசிக்கச் சிரமமென்றால் நீங்கள் கேட்க அவர் சொல்லட்டும், உங்கள் குரலை மட்டும் வெட்டிவிடுங்கள். உலகம் முழுவதும் யாரும் இதைக் கேட்கலாம், எடுத்தாளலாம் என்று தொடங்குமுன் அவரிடம் விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். ஒரு உட்காரலுக்கு ஐம்பது சொல் போதும். அதற்கு மேல் தொண்டை கட்டும்.