எல் நினோ வருடத்தில் கூரையைக் கழற்றலாமா?

வத்தளையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஓட்டுக் கூரையைக் கழற்றிவிட்டு ஸ்லாப் போடப் போகிறோம். இந்த வருடம் எல் நினோ, மழை இருக்காது, ஒக்டோபரில் தொடங்கலாம் என்கிறார் கொந்தராத்துக்காரர். இந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்தால் பழைய விலைக்குச் செய்து தருவாராம். நம்பலாமா?"

வேண்டாம். ஒக்டோபரில் கூரையில் கை வைக்காதீர்கள்.

அவர் முழுப் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை, அந்தப் பாதியும் இந்தியாவுடையது. பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகிப் பல மாதம் அப்படியே கிடப்பதைத்தான் எல் நினோ என்கிறோம். அரைப் பாகை செல்சியஸ் கூடினாலே வானிலையைப் பின்தொடரும் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அந்தச் சூடு இந்தியாவின் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மழையைப் பல வருடங்களில் மெலியவைத்திருக்கிறது. இந்தியத் தொலைக்காட்சிகளில் 'எல் நினோ, வறட்சி' என்று ஓடுவது அந்தக் கதை. நமக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அது தலைகீழ். எல் நினோ இருந்தால் இலங்கையில் அந்த மூன்று மாதமும் மழை கூடுகிற பக்கம்தான் தராசு சாயும். ஜனவரி பிறந்ததும் மறுபடி மாறி, மார்ச் வரை வழக்கத்தைவிட வறண்டு இருக்கப் பார்க்கும். இந்து சமுத்திரத்திலும் கடல்சூடு இப்படி மாறி மாறி ஆடுகிற ஓர் ஊஞ்சல் தனியாக உண்டு. உங்கள் கூரைக்கு அதுவரை போக வேண்டாம்.

சாயும் என்றுதான் சொன்னேன், கொட்டும் என்று சொல்லவில்லை. பருவகால முன்னறிவிப்பு வரைபடத்தில் கொழும்பு பச்சையாக இருக்கும், பக்கத்தில் '45 சதவீதம்' என்று இருக்கும். அதைப் பார்த்து "பாதிக்கும் குறைவுதானே, மழை வராது" என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. முந்தைய முப்பது வருட மழையைக் குறைவு, வழக்கம், கூடுதல் என்று மூன்று கூறாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். அதில் 'கூடுதல்' கூறின் 33 தான் 45 ஆகியிருக்கிறது, பச்சை சொல்வது அதைத்தான். இதை ஒரு வரியில் எழுதிவிட்டால் என்ன? வரைபடத்தைப் போடுகிறார்கள், கீழே விளக்கம் கிடையாது, இருந்தால் ஆங்கிலத்தில். தமிழ்ப் பிரதி வருவதற்குள் மழையே வந்துவிடும். மாதவாரி மழைக்கணக்கு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கடிதம் கொண்டு வா, கட்டணம் கட்டு, திங்கட்கிழமை வா என்றார்கள். நான் போன அந்தத் திங்கட்கிழமை போயா விடுமுறை.

சரி, 'குறைவு' என்றே வந்தாலும் நீங்கள் தப்பவில்லை. கொழும்பில் ஒக்டோபரில் சராசரியாகச் சுமார் 350 மில்லிமீற்றர் பெய்கிறது, பாதி நாளுக்கு மேல் மழை நாள். அதில் கொஞ்சம் குறைந்தாலும் ஓடில்லாத வீட்டுக்கு அது வெள்ளம்தான்.

இதற்கு 2010ஐச் சொல்லாமல் விட முடியாது. அந்த வருடம் எல் நினோவுக்கு நேர் எதிராகப் பசிபிக் நீர் குளிரும் லா நினா, அதுவும் பலமானது. கணக்குப்படி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை குறையும் பக்கம். நவம்பர் 10 இரவு தொடங்கி விடிவதற்குள் கொழும்பில் 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. ஒரு மாத மழை ஒரே இராத்திரியில். பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றது. 2025 நவம்பரில் டிட்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதும் பசிபிக்கில் லா நினாதான். கணக்கு பிழையா? இல்லை. பசிபிக் சொல்வது மூன்று மாதத்தின் கூட்டுத்தொகை எந்தப் பக்கம் சாயும் என்பதை. ஒரு தாழமுக்கம் எந்த இரவில் நம் தலைக்கு மேல் வந்து குந்தும் என்று அதற்குத் தெரியாது. கொந்தராத்துக்காரருக்கும் தெரியாது.

அதைவிடப் பெரிய தொல்லை, இதைத் தெரியும் என்று விற்பவர்கள். 45 நாளுக்கு நாள்வாரியாகச் சூரியனும் மேகமும் காட்டும் போன் செயலிகள் இருக்கின்றன. ஏறக்குறைய பத்து நாளுக்கு அப்பால் அந்தப் படங்களுக்கு ஒரு மதிப்பும் இல்லை. வட்ஸ்அப்பில் காசு வாங்கிக்கொண்டு "வத்தளை, ஒக்டோபர் 19, மாலை மழை" என்று அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். ஒக்டோபரில் எந்த மாலைக்கு அப்படிச் சொன்னாலும் பாதிக்குப் பாதி பலிக்கும், அதுதான் வியாபாரம். தூரத்துக் கடலை வைத்து மழையைக் கணக்கிடும் மாதிரிகளில் ஒரு கட்டம் பெரும்பாலும் நூறு கிலோமீற்றர் அகலம். கொழும்பும் இரத்தினபுரியும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். என் வெள்ளவத்தை மொட்டை மாடி மழைமானியில் ஒரு மாலை 38 மில்லிமீற்றர் நின்றது. அதே நேரம் பம்பலப்பிட்டியில் அக்கா கொடியில் துணி காயப்போட்டிருந்தாள். நடுவில் ஒரு பஸ் ஏறி இறங்கும் தூரம்.

இன்னொன்று: மார்ச்சிலிருந்து மே வரை வெளியாகும் எல் நினோ கணிப்புகளை வைத்து யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். அந்த மாதங்களில் பசிபிக் எந்தப் பக்கம் போகும் என்று பிடிப்பது மிகக் கடினம்.

அப்போ எப்போது? தைப்பொங்கல் முடியட்டும். ஜனவரியில் கொழும்பின் சராசரி 60 மில்லிமீற்றர் அளவுதான், எல் நினோ நீடித்தால் அது இன்னும் குறையப் பார்க்கும். உண்மையில் ஓகஸ்ட்டும் மோசமில்லை, ஒக்டோபர் மழையில் மூன்றில் ஒரு பங்குதான் அப்போது பெய்யும். ஆடியில் கூரை கழற்றக் கூடாது என்று உங்கள் மாமியார் சொல்வார். அதில் நான் தலையிடவில்லை.

ஓடு கழற்றிய பிறகு பலகை அடித்து, கம்பி கட்டி முடிக்க இரண்டு மூன்று வாரம் வீடு திறந்து கிடக்கும். ஆபத்து அந்த வாரங்களில்தான். கொங்கிரீட் போடும் நாளை மூன்று நாள் முன்னால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் நாள் குறிக்க விடாதீர்கள். மாலையில்தான் இடி மழை கூடுதல், ஆகவே காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடியட்டும். அட்வான்ஸை மூன்று தவணையாக்கி, கூரை கழற்றும் திகதியை எழுத்தில் வாங்குங்கள். படங்கு பாஸிடம் இருக்கும் என்பார்கள். இருக்காது. நீங்களே இரண்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.