நான்கு லிட்டரில் தொடங்குங்கள்

கேள்வி: ஒஹாயோவில் எம்.எஸ். படிக்கிறேன், வயது 22. இரண்டு நண்பர்களோடு சின்ன அபார்ட்மென்ட். வீட்டிலேயே பியர் காய்ச்சிப் பார்க்க ஆசை. 19 லிட்டர் கிட் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

பதில்: அந்த கிட் வேண்டாம், தம்பி. 19 லிட்டர் என்றால் அண்டா போன்ற பாத்திரம், அதை ஆற்ற செப்புச் சுருள், அப்புறம் ஐம்பது பாட்டில். முதல் முறை பிசகினால் அத்தனையும் சிங்கில்தான் போகும். ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் போதும். நீங்கள் சாம்பார் வைக்கும் பெரிய பாத்திரத்திலேயே அது அடங்கும்.

முதலில் சட்டம். 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் அமெரிக்காவில் வீட்டு பியருக்கு வரிவிலக்கு வந்தது. ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன் வரை சொந்தத் தேவைக்குக் காய்ச்சலாம். இரண்டோ அதற்கு மேலோ பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மொத்தம் 200. நீங்கள் 21ஐத் தாண்டிவிட்டீர்கள், சரி. நண்பர்களில் யாராவது தாண்டவில்லை என்றால் அவருக்கு ஒரு வாய்கூடத் தராதீர்கள். காசுக்கு விற்கவே கூடாது. மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது இரட்டைச் சிக்கல். வடிசாராயம் வீட்டில் காய்ச்சுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கே செய்து காட்டும் எண்ணம் வேண்டாம், தமிழ்நாட்டில் இதற்கு அனுமதி இல்லை.

இனி செய்முறை. ஐந்து லிட்டர் பாட்டில் தண்ணீரில் 450 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்டை (முளைகட்டிய பார்லியின் சாற்றுப் பொடி) கரைத்துக் கொதிக்க விடுங்கள். பால் போலச் சட்டென்று பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். பொங்கி அடங்கியதும் 7 கிராம் காஸ்கேட் ஹாப்ஸ் (பியரில் போடும் ஒரு கொடியின் பூ, காஸ்கேட் அதில் ஒரு ரகம்), அது கசப்புக்கு. ஒரு மணி நேரம் கழித்து அடுப்பை அணைக்கும்போது இன்னொரு 7 கிராம், அது மணத்துக்கு. ஐஸ் நிரப்பிய சிங்கில் பாத்திரத்தை இறக்கி 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

ஆறிய பிறகு அதில் படும் எல்லாமே கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும்: ஜாடி, புனல், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல்கூட. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கியை லிட்டர் தண்ணீருக்கு 1.5 மில்லி கலந்து நனைத்தால் போதும், மறுபடி அலச வேண்டியதில்லை. அன்றைக்கு அதே மேடையில் இட்லி மாவு அரைக்க வேண்டாம். மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா பியரையும் புளிக்க வைக்கும்.

ஆறியதை ஜாடியில் ஊற்றி, உலர் ஏல் ஈஸ்ட் (ஏல் வகை பியருக்கானது) 3 கிராம் தூவி, ஏர்லாக் மாட்டுங்கள்; வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடி அது. இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் தவறுகிறார்கள். குளிர்காலத்தில் மாவு பொங்க, விளக்கைப் போட்டு ஓவனுக்குள் வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பியருக்கு அந்தச் சூடு ஆகாது. நொதிக்கும்போது அது தானாகவே அறையைவிடச் சில டிகிரி சூடாகும். கூடவே நாமும் சூடேற்றினால் நெயில் பாலிஷ் வாடையும் தொண்டை எரிச்சலும்தான் மிஞ்சும். ஹீட்டர் காற்று படாத அலமாரியில், 18 முதல் 20 டிகிரியில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் நுரை ஏர்லாக்கையே முட்டும். அதனால் ஒரு கேலன் ஜாடியைவிட இரண்டு கேலன் பக்கெட் நல்லது.

குமிழி நின்றதை நம்பிப் பாட்டிலில் அடைக்காதீர்கள். தொடக்கத்தில் நான் அப்படி ஆறாம் நாளே அடைத்தேன். குளிரில் ஈஸ்ட் தூங்கியிருந்திருக்கிறது, நொதித்தல் முடியவில்லை. பத்து நாள் கழித்து நள்ளிரவில் செருப்பு அலமாரிக்குள் இரண்டு பாட்டில் வெடித்தன. கண்ணாடிச் சில்லு கதவில் குத்தி நின்றதை இன்றும் மறக்கவில்லை. பகலில் யாராவது கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆகவே மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் ஹைட்ரோமீட்டரில் (தண்ணீரோடு ஒப்பிட்டு அடர்த்தியை அளக்கும் கருவி) மட்டும் பிடிக்காதீர்கள். இரண்டு வாரம் விட்டு, மூன்று நாள் அளந்து பாருங்கள். 1.044இல் தொடங்கியது 1.011 பக்கம் வந்து அசையாமல் நின்றால் முடிந்தது என்று அர்த்தம். மது அளவு 4.3 சதவீதம் அளவில் இருக்கும்.

பாட்டிலுக்குள் வாயு ஏறச் சேர்க்கும் சர்க்கரையைக் கண்ணளவில் போடாமல் லிட்டருக்கு 6 கிராம் நிறுத்துப் போடுங்கள். கொஞ்சம் நீரில் கொதிக்க வைத்து, ஆற்றி, பியரில் மெதுவாகக் கலந்த பிறகு அடையுங்கள். திருகு மூடி பாட்டில் வேண்டாம். ஓப்பனரால் திறக்கும் பழுப்பு பாட்டில்களைச் சேர்த்து வையுங்கள், பத்து போதும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும் என்பதால்தான் பழுப்பு. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு வாரம், அப்புறம் ஒரு நாள் ஃபிரிட்ஜ். ஊற்றும்போது டம்ளரைச் சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் கழுத்துக்கு வருவதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.