சுருதி சேராத அலுப்பு

ஐயா, வணக்கம்.

நான் கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 43. இரண்டு வருடமாக இணையவழியில் வாய்ப்பாட்டு கற்கிறேன். காலையில் அரைமணி நேரம், கூடியவரை விடாமல். எக்செல்லில் குறித்து வைத்திருக்கிறேன், இதுவரை 511 நாள். ஆரம்பப் பாடங்களான சரளி, ஜண்டை முடித்து அலங்காரத்தில் நிற்கிறேன். கூடவே சேர்ந்த ஒன்பது வயதுப் பெண் வர்ணத்துக்குப் போய்விட்டாள். வருகிற நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு கீர்த்தனையாவது பாடவேண்டும் என்று ஆசை. எப்போது முடியும் என்று டீச்சரிடம் கேட்டால் "பலனை நினைக்காதீங்க, பயிற்சியை ரசிங்க" என்கிறார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஸரிகமபதநிஸ-வில் ரசிக்க என்ன இருக்கிறது? உண்மையில் அலுப்பாக இருக்கிறது. இந்த வயதில் இது தேவையா? ஐஸ் தண்ணீர் குரலைக் கெடுக்குமா? (சுருதிக்கு ஐந்தரைக் கட்டையில் தம்புரா ஆப், ஸ்வரம் சரியா என்று பார்க்க டியூனர் ஆப், இரண்டும் மொபைலில் இருக்கின்றன.)

— கோவை வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

511 நாள் கணக்கை முதலில் சொல்லிவிட்டு, ஆப் விஷயத்தைக் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். நோய் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. சில நாட்களாக நானும் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

மற்றவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். 43 வயதில் தொண்டை பூட்டிக்கொள்ளாது. ஒன்பது வயதுப் பெண்ணோடு உங்களை ஒப்பிடுவது அசட்டுத்தனம், அவளுக்கு ஆடிட் கிடையாது. ஐஸ் தண்ணீர்: தாகமெடுத்தால் குடியுங்கள். எக்செல்லை இன்றைக்கே அழித்துவிடுங்கள். பகலெல்லாம் லெட்ஜர் பார்ப்பது போதாதா?

அலுப்பாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதற்காக உங்கள் மீது எனக்கு மரியாதை. சங்கீதம் கற்கிற யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் டீச்சர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் அது பாதி கிழிந்த மருந்துச்சீட்டு. "ரசி" என்று உத்தரவு போட்டால் யாருக்கு ரசனை வரும்? காதுக்கு ஏதாவது அகப்பட்டால்தானே ரசிக்க முடியும். நீங்களோ காதுக்கு வேலையே வைக்கவில்லை. ஸ்வரம் சரியா தப்பா என்று பார்க்கும் பொறுப்பைக் கண்ணிடம் கொடுத்துவிட்டீர்கள். முள் பச்சைக்கு வந்தால் பாஸ், சிவப்புக்குப் போனால் ஃபெயில். நவராத்திரியை விடுங்கள், நீங்கள் நொடிக்கு நொடி ரிசல்ட் பார்த்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருக்கிறீர்கள்! 511 நாள் தினமும் பரீட்சை எழுதினால் யாருக்குத்தான் அலுக்காது?

அந்த முள்ளாவது சரியாகச் சொல்கிறதா? டியூனர் ஆப்புகள் பெரும்பாலும் கீபோர்டின் சம இடைவெளிக் கணக்கில் ஓடுபவை. ஓர் அரைச்சுரத்தை 100 பங்காக்கினால், தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரத்தைவிட, அதாவது உயர்ந்த க-வைவிட, கீபோர்டின் காந்தாரம் ஏறக்குறைய 14 பங்கு உயரம். பஞ்சமத்தில் வித்தியாசம் இரண்டு பங்குதான், காது பொறுத்துக்கொள்ளும். காந்தாரத்தில் பொறுக்காது. நீங்கள் சுகமாக காந்தாரத்தில் போய் நிற்பீர்கள், முள் "இறங்கிவிட்டாய்" என்று குட்டும். நீங்களும் பயந்து ஏற்றுவீர்கள். இப்படித்தான் நல்ல காது கெடுகிறது.

தம்புரா ஆப்பின் மேல் எனக்குப் பகையில்லை. ரயிலில், விடுதியில், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரும் நேரத்தில் அது உபகாரம். ஆனால் முதலிலிருந்தே சேர்ந்திருக்கும் சுருதியைக் காது ஐந்து நிமிடத்தில் மின்விசிறிச் சத்தம் போல ஒதுக்கிவிடும். நீங்களே கை வைத்துச் சேர்த்த சுருதியை அப்படி ஒதுக்க முடியாது. ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு தம்புரா சம்பாதியுங்கள், பழையதானாலும் பரவாயில்லை. தினமும் முதல் 15 நிமிடம் அதைச் சுருதி சேர்ப்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். பாட்டு அதற்குப் பிறகு.

எப்படிச் சேர்ப்பது என்று யாரும் பொறுமையாகச் சொல்லித்தருவதில்லை. நான் சொல்கிறேன்.

நான்கு தந்திகள்: பஞ்சமம் (ப), சாரணை, அனுசாரணை (இரண்டும் ஸ), மந்தரம் (கீழ் ஸ). முதல் மூன்றும் பொதுவாக எஃகு, மந்தரம் பித்தளை. மேலே இறுக்கிச் சுழற்றுகிற ஆணிகளுக்குப் பிருடை என்று பெயர். கீழே, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்தி கட்டியிருக்கும் இடத்துக்கும் நடுவே ஒவ்வொரு தந்தியிலும் ஒரு மணி கோத்திருக்கும். குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூல். அதுதான் ஜீவா. பெயரைச் சும்மா வைக்கவில்லை.

முதலில் மணிகள் எல்லாவற்றையும் அவற்றின் வழியில் பாதித் தூரத்தில் நிறுத்துங்கள். அப்போதுதான் பிறகு இரண்டு பக்கமும் நகர்த்த இடமிருக்கும். ஜீவாவை ஒதுக்கிவிடுங்கள். சாரணையைச் சுருதிப் பெட்டியோடு சேருங்கள், ஐந்தரைக் கட்டைக்கு அது சுமார் 208 ஹெர்ட்ஸ். பிருடையை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பவேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே ஏறி வாருங்கள். உயரத்திலிருந்து இறக்கிச் சேர்த்த தந்தி, பத்து நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கி உங்களை ஏமாற்றும்.

அடுத்தது அனுசாரணை, சாரணைக்கு அச்சாக. இரண்டையும் அடுத்தடுத்து மீட்டிவிட்டுப் பேசாமல் கேளுங்கள். ஒலி ஏறி இறங்கி ஏறி இறங்கி "வவ்... வவ்... வவ்" என்று அலையடிக்கும். சாரணை 208-லும் அனுசாரணை 206-லும் இருந்தால் நொடிக்கு இரண்டு அலை. 207-க்கு வந்தால் நொடிக்கு ஒன்று. இன்னும் நெருங்கினால் இரண்டு நொடிக்கு ஒன்று, மூன்று நொடிக்கு ஒன்று. கடைசியில் அலை நின்று, இரண்டு தந்தியும் ஒரே தந்தி ஆகிவிடும். கடைசி இழை வித்தியாசத்துக்குப் பிருடையைத் தொடாதீர்கள், மணியை நகர்த்துங்கள். குதிரையைவிட்டு விலக்கிக் கீழே தள்ளினால் சுருதி ஏறும், குதிரைப் பக்கம் கொண்டுவந்தால் இறங்கும்.

பிறகு மந்தரம், 104-இல். கடைசியாகப் பஞ்சமம், 156-இல். பஞ்சமம்தான் கஷ்டம், அதனாலேயே எனக்குப் பிடித்தது. பஞ்சமத் தந்திக்குள் அதன் நான்கு மடங்கு ஒலி இருக்கிறது, 624. சாரணைக்குள் அதன் மூன்று மடங்கு, அதுவும் 624. இந்த இரண்டும் உரசும் இடத்தில்தான் அலை கேட்கும், அடியொலியில் கேட்காது. பஞ்சமம் அரை ஹெர்ட்ஸ் பிசகினாலே அங்கே நொடிக்கு இரண்டு அலை. முதல் வாரம் உங்களுக்கு இது கேட்காது. கேட்காததைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த வாரத்தில்தான் காது திறக்கும்.

நான்கும் சேர்ந்தபின் ஜீவாவை ஒவ்வொரு தந்திக்கு அடியிலும் இம்மி இம்மியாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் மொட்டையாக இருந்த ஒலி சட்டென்று விரிந்து ரீங்கரிக்கும். அதைத் தாண்டினால் தகரச் சத்தம். ஒரு தந்திக்குப் பொருந்திய இடம் பக்கத்துத் தந்திக்குப் பொருந்தாது, நான்கையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

இந்த ஜீவா நூலுக்கு ஒரு பெரிய மனிதரின் சாட்சி உண்டு. ஒரு தந்தியை நட்டநடுவில் மீட்டினால் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு முதலான இரட்டை மடங்கு ஒலிகள் அதில் எழக்கூடாது. அது பௌதிக விதி. தம்புராவிலும் வீணையிலும் இந்த விதி செல்லுபடியாவதில்லை, எழக்கூடாத ஒலிகளும் எழுகின்றன என்று சி.வி. ராமன் 1921-இல் எழுதினார். தந்தி நேரே ஒரு விளிம்பில் முடியாமல், அகலமாக வளைந்த குதிரையின் மேல் தொட்டுத் தொட்டு விலகுவதுதான் காரணம். தம்புராவில் அந்தத் தொடுகையைப் பதப்படுத்துவது நூல். ஆப்பில் இருக்கும் "ஜீவா" பொத்தானை நீங்கள் அழுத்தியிருக்கக்கூட மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

தொல்லைகள் வரும். பிருடை நழுவினால் கழற்றிச் சாக்பீஸ் பொடி தடவுங்கள். இறுகித் திரும்பாமல் நின்றால் கொஞ்சம் உலர்ந்த சோப்பு. ஒரே தந்தியைத் தனியாக மீட்டும்போதே அலையடித்தால் பெரும்பாலும் தந்தி பழுதாகிவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள், போராடாதீர்கள். ஓங்கி மீட்டினால் சுருதி முதலில் ஏறிப் பிறகு இறங்கும். பஞ்சமத்தை நடுவிரலாலும் மற்ற மூன்றையும் ஆள்காட்டி விரலாலும், நகம் படாமல் சதையால் வருடுங்கள். தாளத்துக்கு மீட்டாதீர்கள். கை தாளம் போட ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

"ஸரிகமபதநிஸ-வில் என்ன இருக்கிறது" என்று கேட்டிருந்தீர்கள், அல்லவா? சேர்ந்த தம்புராவை வைத்துக்கொண்டு கேளுங்கள். மந்தரத் தந்தி அடங்கும் நேரத்தில், மேலே மெல்லிசாக ஒரு ஸ்வரம் மிதக்கும். அது அந்தர காந்தாரம், 104-இன் ஐந்து மடங்கு, 520. நீங்கள் மீட்டாத ஸ்வரம், தானாக வந்தது. ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். பஞ்சமத் தந்தியின் ஐந்து மடங்கில் காகலி நிஷாதமும் (உயர்ந்த நி) இருக்கிறது. ஆக, நீங்கள் சரளி பாடும் ராகமான மாயாமாளவகௌளையில் ஸ, க, ப, நி நான்கையும் தம்புராவே எடுத்துக் கொடுக்கிறது. அதன் தாழ்ந்த ரி-யான சுத்த ரிஷபத்தையும் தாழ்ந்த த-வான சுத்த தைவதத்தையும் கொடுப்பதில்லை. போதாததற்குப் பஞ்சமத் தந்தியின் மூன்று மடங்கில் ஒலிப்பது அதைவிட உயர்ந்த ரி, சதுச்ருதி ரிஷபம். சரளியில் அத்தனை பேருக்கும் ரி ஏறிப்போவதற்கு அந்த இழுப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இதைத் தெரிந்துகொண்டு பாடினால் முதல் சரளியே வேறாகிவிடும். ஸ-விலிருந்து ரி-க்குப் போகும்போது பிடிமானமில்லாத இடத்தில் கால் வைக்கிறீர்கள், க-வில் தரை தட்டுப்படுகிறது. ப-வுக்குப் பிறகும் அதே ஏற்பாடு: த அந்தரத்தில், நி தரையில். ஸரிகம-வின் இடைவெளிகள்தான் பதநிஸ-விலும் திரும்ப வருகின்றன. தொடக்கப் பாடத்துக்கு இந்த ராகத்தை வகுத்தவர் புரந்தரதாசர் என்று சொல்லும் மரபு, அவரை சும்மா ஆதிகுரு என்று கும்பிடவில்லை.

வேகத்தில் உங்களுக்கு இன்னொரு தப்பு இருக்கும், கடிதத்திலேயே மூச்சு வாங்குகிறது. நிமிடத்துக்கு 60 தட்டு வைத்தால் முதல் காலத்தில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு நொடி கிடைக்கும். நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் கால் நொடி. கால் நொடியில் ரி எங்கே நின்றது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படியே ஆரோகணம் அவரோகணமெல்லாம் ஓட்டி, 'முடித்துவிட்டேன்' என்று எக்செல்லில் டிக். ஒரு மாதத்துக்கு மூன்றாம் காலத்தை மூட்டைகட்டுங்கள். ஸ-ரி-ஸ, ப-த-ப என்று மட்டும், ஸ்வரத்துக்கு நான்கு நொடி வீதம் பத்துப் பத்துத் தடவை. நீண்ட ஸட்ஜத்தை எட்டு நொடியில் நிறுத்துங்கள். மூச்சின் வாலில் சுருதி இறங்கும், அந்த இறக்கத்தைப் பழகிவிடக்கூடாது. தாடை இறுகினால் ஸ்வரம் பிசகும், கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். ஜண்டையில் இரண்டாவது ஸ்வரத்துக்குத்தான் அழுத்தம், கீழ் ஸ்வரத்தைத் தொட்டு எழும்பவேண்டும். இரண்டையும் ஒரே கனத்தில் பாடினால் டைப் அடித்த மாதிரி இருக்கும். இதையும் உங்கள் டீச்சர் சொல்லியிருப்பார், நீங்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கொலுவை மறந்துவிட்டேன். கீர்த்தனைக்கு அலையாதீர்கள். அலங்காரத்துக்கு அடுத்து வருவது மலஹரி கீதம், அதைப் பாடுங்கள். மலஹரி மாயாமாளவகௌளையின் ஜன்யம்தான், அதிலிருந்து பிறந்த ராகம். நிஷாதம் கிடையாது, காந்தாரம் அவரோகணத்தில் மட்டும். தம்புரா கைகொடுக்காத அதே ரி-யையும் த-வையும் நம்பி நடக்கும் ராகம். மாதக்கணக்கில் ஸ-ரி-ஸ பாடியவருக்கு அதில் வேலை இருக்கிறது. வந்தவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு போகட்டும்.

தம்புராவைப் படிக்குப் பக்கத்தில் சாத்தாதீர்கள். விளக்கின் சூட்டிலும் கூட்டத்தின் புழுக்கத்திலும் தந்தி நெகிழ்ந்து சுருதி இறங்கும். உள்ளறையில் சேர்த்து வைத்திருங்கள். கூடத்துக்குக் கொண்டுவந்ததும் பத்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி அனுசாரணையிலிருந்து பாருங்கள். மணியை நகர்த்தினாலே போதுமானதாக இருக்கும். யாராவது "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்பார்கள். தலையை நிமிர்த்தாதீர்கள். அலை இன்னும் நிற்கவில்லை.