டிசம்பர் வெக்கையில் நத்தார் விடுமுறை: உங்கள் கேள்விகளுக்கு ஒரு தாதியின் பதில்கள்

மேற்கு சிட்னியில் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். நத்தாருக்கு மறுநாள் எங்கள் வாசலுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களில் பலர், முதல் நாள் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்திருந்தால் வரவே தேவையில்லாதவர்கள். அதனால்தான் விடுமுறைக்கு முன்னமே கேள்விகளைக் கேட்டு வாங்கினேன்.

அக்கா, அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நிக்கினம். அப்பாவுக்கு 74 வயது, பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கு. "நாங்கள் பார்க்காத வெயிலா?" எண்டு ஏசி போட விடுறார் இல்லை.

தங்கச்சி, அப்பா பார்த்த வெயில் வேறு. ஊரில் வியர்வை உடம்பில் நிற்கும், வியர்க்குது என்று தெரியும். இங்கே காய்ந்த காற்று அடிக்கும்போது வியர்வை உடனே உலர்ந்துவிடும். எவ்வளவு தண்ணீர் போகிறதென்று அவருக்கே தெரியாது. கடற்காற்றும் நம் மேற்குப் பக்கத்துக்குச் சரியாக எட்டாது. மேற்கு சிட்னியின் பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் திகதி 48.9 பாகை பதிவானது. அப்படியான நாளில் வெறும் காற்றாடி சூட்டுக் காற்றைத்தான் சுழற்றும்.

ஒரு வருடம் ஒரு ஐயாவைக் கூட்டி வந்தார்கள். "எனக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் என்னைத் தன் மனைவி என்று நினைத்துக் கதைத்தார். நாக்கைத் தொட்டுப் பார்த்தேன், கருவாடு மாதிரிக் காய்ந்திருந்தது. வெக்கையில் ஒருவர் தடுமாறிக் கதைத்தால் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டு நிற்காதேங்கோ. உடனே அம்புலன்சுக்கு 000ஐ அழைத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காற்றுப் பிடியுங்கோ.

பிரஷர் குளிசைகளில் சில சிறுநீரைக் கூட்டி உடம்பிலிருந்து நீரை எடுக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். வெயில் ஏறும் நாட்களுக்கு என்ன செய்வதென்று இப்போதே டொக்டரிடம் கேளுங்கோ. இன்சுலினைக் காருக்குள் விடவே கூடாது, ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. இன்னொன்று: இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ விசிட் வந்தவர்களுக்கு மெடிகெயர் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி கிடையாது. காப்புறுதிப் பத்திரம் எங்கே இருக்கிறதென்று பார்த்து வையுங்கோ.

கூட்டாளிமாரோட நத்தாருக்கு மறுநாள், பொக்சிங் டே அன்று பீச்சுக்குப் போறம். ஊர்க் கேணியில நல்லா நீந்தினனான். பயப்பட வேணுமா?

பயப்பட வேணும், தம்பி. கேணித் தண்ணீர் உங்களை இழுக்காது. இங்கே ரிப் என்று ஒரு நீரோட்டம் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும். அது பார்ப்பதற்குப் பயங்கரமாக இராது, அதுதான் ஆபத்து. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு கீற்று மட்டும் கரும்பச்சையாக அமைதியாக இருக்கும். "இதில அலை இல்லை, பிள்ளைகளுக்கு நல்லது" என்று நம் ஆட்கள் அதற்குள்தான் இறங்குகிறார்கள்.

கடற்கரை உயிர்காப்புக் காவலர்கள் நடுகிற சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கோ. கொடி இல்லையென்றால் இறங்காதேங்கோ. இழுபட்டுவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட வேண்டாம். நல்ல நீச்சல்காரனையும் களைப்புத்தான் கொல்லும். மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்குங்கோ. தெம்பிருந்தால் கரைக்குச் சமாந்தரமாக, அலை உடைகிற பக்கம் நீந்துங்கோ. கூட்டாளி இழுபட்டால் வெறுங்கையோடு பின்னால் பாய வேண்டாம். காவலரைக் கூப்பிடுங்கோ, மிதக்கிற எதையாவது எறியுங்கோ. பியர் குடித்தவர் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கவே கூடாது.

நத்தார் மத்தியானம் 40 பேருக்கு வீட்டில புரியாணி. மிஞ்சினதை இரவுக்கும் வைக்கலாமா?

கோழியைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறோம், சோற்றை மறந்துவிடுகிறோம். அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து அவித்தாலும் சாகாது. சோறு வெளியில் கிடந்தால் அது பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. அதனால் "இரவு நல்லா சூடாக்கிச் சாப்பிடுவம்" என்ற கணக்கு இங்கே சரிவராது.

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமி வளரும். சாப்பாடு அந்த நிலையில் இரண்டு மணித்தியாலத்துக்குள் இருந்திருந்தால் பிரிட்ஜில் வைக்கலாம். இரண்டிலிருந்து நாலு என்றால் அப்போதே சாப்பிட்டு முடிக்க வேணும். நாலு தாண்டினால் கொட்ட வேணும். ஆக, பந்தி தொடங்கும் முன்பே இரவுக்கான பங்கைப் பிரித்துத் தட்டையான தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு பிரிட்ஜில் வையுங்கோ. பெரிய சட்டியோடு தூக்கி வைத்தால் நடுச்சோறு பல மணித்தியாலம் சூடாகவே இருக்கும். பிரிட்ஜில் இடம் காணாதென்றால் குடிவகைகளை வெளியே எடுத்து எஸ்கிப் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கோ. சோடா சூடானால் ஒருவருக்கும் வயிற்றோட்டம் வராது.

நமக்குக் கறுப்புத் தோல்தானே, சன்ஸ்கிரீன் எதற்கு?

தோல் புற்றுநோய் ஆபத்து நமக்கு வெள்ளையர்களைவிட நன்றாகக் குறைவு, உண்மை. ஆனால் நாள் முழுக்கக் கடற்கரையில் நின்றால் நம் தோலும் எரியும். கறுப்புத் தோல் கண்ணுக்குப் பாதுகாப்புத் தராது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

புளூபாட்டில் எண்ட நீல ஜெலிமீன் கடிச்சால் வினிகர் ஊத்தலாமா?

சிட்னிக் கடற்கரையில் வேண்டாம். ஒட்டியிருக்கிற நூலை எடுத்துவிட்டு, கடல் தண்ணீரால் கழுவி, தாங்கக்கூடிய சூட்டு நீரில் 20 நிமிடம் வையுங்கோ. வினிகர் குயின்ஸ்லாந்தின் வடக்கில் உள்ள பெட்டி ஜெலிமீனுக்கு.

எங்கட டொக்டர் ஜனவரி வரைக்கும் பூட்டு. என்ன செய்யிறது?

இன்றைக்கே குளிசைப் பெட்டியைக் கொட்டி எண்ணிப் பாருங்கோ, ஜனவரி நடுப்பகுதி வரை காணுமா என்று. பிள்ளைகளின் ஆஸ்துமா பம்பையும் ஆட்டிப் பார்த்துவிட்டு மட்டும் விடாமல் அதில் எத்தனை இழுப்பு மீதி என்று பாருங்கோ. நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா விடலாமா என்று குழம்பினால் 1800 022 222க்கு அழையுங்கோ, தாதி ஒருவர் கதைப்பார். தமிழில் கதைக்க வேணுமென்றால் 131 450 மூலம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இரண்டு இலக்கங்களையும் அம்மா அப்பாவின் போனிலும் போட்டு வையுங்கோ.