நாலாவது சீட்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கோவில்பட்டிப் பெண். நாலு மாதமாக மும்பை லோயர் பரேலில் வேலை, போரிவலியில் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி). தினமும் லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில்தான் போய்வருகிறேன். இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாகத் தெரியாது. முதல் வாரத்தில் ஒருநாள் தாதரில் இறங்க முடியாமல் மும்பை சென்ட்ரல் வரை போய்விட்டேன். அதைப் பார்த்திருந்த ஒரு மாவ்ஷி (மராத்தியில் சித்தி) மறுநாள் என் பையை இழுத்துப் பிடித்து, தன் பக்கத்தில் நாலாவது ஆளாக உட்காரவைத்தார். அன்றிலிருந்து அவர்கள் கூட்டம் எனக்கு இடம் தருகிறது, டப்பாவிலிருந்து போஹா என்கிற அவல் உப்புமா தருகிறது, தாதருக்கு முன்னால் என்னை வாசலுக்குத் தள்ளிவிடுகிறது. ஆனால் சிரிப்பும் என்னை வைத்துத்தான். 'இட்லி எங்கே?' என்று தினமும் கேட்கிறார்கள். என் இந்தியை என் முன்னாலேயே பேசிக் காட்டுகிறார்கள். போன வாரம் அவர்களைப் படம் எடுத்து 'மும்பையின் தேவதைகள்' என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். ஒருத்தருக்கு முகமே மாறிவிட்டது. இது அன்பா, கேலியா? இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? நம் ஊர்க்காரர்கள் ஏன் இப்படி இல்லை? (பெயர் வேண்டாம்.)

தங்கச்சி,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய். அந்த உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்வியை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் மொழி தெரியாத பெண் ஒருத்தி பெட்டியோடு திகைத்து நின்றால், எந்த பஸ், எங்கே நிற்கும் என்று சொல்லிக் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக நாலு பேர் வருவார்கள். சொந்த ஊரில் நீ திகைத்து நின்றதில்லை, அதனால் அந்த நாலு பேர் உன் கண்ணில் பட்டதில்லை. மும்பையும் சொர்க்கம் கிடையாது. 1960களின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் போட்டு, உடுப்பி ஓட்டல்களைத் தாக்கிய ஊர் இது. 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ரயில்கள் நின்றுபோனபோது, தண்டவாளத்தில் நடந்து வந்தவர்களுக்கு வழிநெடுக டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, முன்பின் தெரியாதவர்களை வீட்டில் படுக்கவைத்ததும் இதே ஊர்தான். ஊருக்கு ஊர் மார்க் போடும் வேலையை விடு.

என்னை எழுத உட்காரவைத்தது உன் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான்: 'நாலாவது ஆளாக உட்காரவைத்தார்.' கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க்காரர்கள் செய்யும் உதவியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'பெரிய மனசு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் இருக்கிற தொழில் யார் கண்ணுக்கும் படுவதில்லை. மூன்று பேருக்குப் போட்ட பெஞ்சில் நாலாவது ஆளுக்கு இடம் எங்கிருந்து வருகிறது? ஜன்னலோரத்தில் இருப்பவர் சுவரோடு ஒட்ட வேண்டும். நடுவில் இருப்பவர் ஒரு தோளை முன்னால் கொண்டுவர வேண்டும். மூன்றாமவர் தோளைப் பின்னால் சாய்க்க வேண்டும். ஒரு தோள் முன்னே, ஒரு தோள் பின்னே என்று மாறி மாறி வந்தால்தான் அந்தப் பலகையில் நாலு பேர் அடங்குவார்கள். நாலாவது ஆள் பெஞ்சு நுனியில் பாதி உட்கார்ந்து, முழங்காலை வழிப்பக்கம் சாய்த்து, பையை மடியில் வைத்து, முன்னால் குனிந்திருக்க வேண்டும். நீ வசதியாகப் பின்னால் சாய்ந்தால் உன் தோள் மூன்றாமவரின் நெஞ்சில் இடிக்கும், அவர் நடுவில் இருப்பவரை நெருக்குவார், ஒரு நிமிடத்தில் 'அடுத்த ஸ்டேஷன்ல எழுந்திரு' என்று சொல்லிவிடுவார்கள். நாலு மாதமாக உன்னை எழுப்பவில்லை என்றால் நீ சரியாகத்தான் உட்காருகிறாய்.

இடம் பிடிப்பதற்கும் முறை இருக்கிறது. அதை யாரும் உனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரப் போவதில்லை. உட்கார்ந்திருப்பவரிடம் 'கஹா உத்ரோகே?' (எங்கே இறங்குவீர்கள்?) என்று கேள். அந்தேரி என்றால், அந்த இடம் எனக்கு என்று அப்போதே சொல்லிவிடு. யார் முதலில் கேட்டாரோ அவருக்குத்தான் இடம். பக்கத்தில் எத்தனை நேரமாக நின்றாலும் கேட்காதவருக்கு இல்லை. 'வேறு ஒருத்தர் சொல்லிவைத்திருக்கிறார்' என்று பதில் வந்தால் அடுத்தவரிடம் கேள், முகத்தைத் தூக்காதே. ஜன்னலோரத்தில் இருப்பவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலை நோக்கி நகர்வார்கள், உனக்கு வழியோரம்தான். இது தெரியாமல் புதுசாக வருகிறவர்கள் காலியான ஜன்னலில் போய்த் தொப்பென்று உட்காருவார்கள். பெட்டியில் நடக்கும் சண்டைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இறங்குவதுதான் பெரிய வேலை. உன் விஷயத்தில் கெட்டுப்போனதும் அதுதான். முக்கிய ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கிற ஃபாஸ்ட் வண்டி, ஒரு ஸ்டேஷனில் அரை நிமிடம் நின்றால் அதிகம். பாந்த்ரா தாண்டியதும் நீ வாசல் வரிசையில் இருக்க வேண்டும். மேலே ரேக்கில் இருக்கும் பையை அதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடு. 'நீலப் பை' என்று நிறத்தைச் சொன்னால் கைமாறிக் கைமாறி வரும். பையை முதுகில் மாட்டாதே, நெஞ்சில் மாட்டு. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள். இயர்போனைக் கழற்று. முன்னால் நிற்பவரிடம் 'தாதர்?' என்று கேள். ஆமாம் என்றால் அவர் முதுகோடு ஒட்டி நில். இல்லை என்றால் இடம் மாறிக்கொள், அவரே சுழன்று வழிவிடுவார். இந்த ஒரு சொல்லைக் கேட்காமல் இடித்துக்கொண்டு முன்னேறினால்தான் திட்டு விழும். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். தப்பான பக்கத்தில் நின்றால் உன்னை யாராலும் காப்பாற்ற முடியாது, மும்பை சென்ட்ரல்தான். அங்கே இறங்கி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டி பிடித்துத் திரும்பி வா, பத்து நிமிடக் கணக்கு. ஓடும் வண்டியிலிருந்து மட்டும் குதிக்காதே.

சாயங்காலத்துக்கு ஒன்று. வீடு திரும்பும்போது விரார் ஃபாஸ்ட்டில் ஏறாதே, போரிவலி வண்டிக்குக் காத்திரு. போரிவலிக்கு அப்பால் தஹிசர், மீரா ரோடு, பாயந்தர், நாயகாவ், வசாய் ரோடு, நாலாசோபாரா, விரார் என்று ஏழு ஸ்டேஷன். அங்கே போகிறவர்களுக்கு வண்டி குறைவு. வேறு வண்டி இருந்தும் இதில் ஏறி போரிவலியில் இறங்க வழி கேட்கிற பெண்ணுக்கு அந்தப் பெட்டியில் வழி கிடைக்காது. காலையில் உனக்கு போஹா கொடுத்த அதே மாதிரி மாவ்ஷிகள்தான் சாயங்காலம் உன்னை விரார் வரை கொண்டுபோய் விடுவார்கள். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று மறுபடி எனக்குக் கடிதம் எழுதாதே. இடம் குறைவான ஊரில் எல்லோரும் கணக்கோடுதான் கொடுக்கிறார்கள். கணக்கு தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

சிரிப்பைப் பற்றிக் கேட்டாய். வாசலில் வழியை மறித்து நிற்பவரிடம் 'இங்கேயே வீடு கட்டப் போறியா?' என்பார்கள். தள்ளாதே என்று கத்துபவரிடம் 'டாக்ஸி பிடிச்சுப் போ' என்பார்கள். அரை நிமிடத்துக்குள் ஒரு புது ஆளுக்கு விதியைச் சொல்லி, அவள் அழாமலும் சண்டைக்கு வராமலும் நகரவைக்க வேண்டும். 'தயவுசெய்து கொஞ்சம் நகர முடியுமா?' என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். கேலி உடனே வேலை செய்கிறது. சுற்றி நிற்கிற பத்துப் பேரும் சிரித்துவிடுவதால் யாருக்கும் அதில் தோல்வி இல்லை. உன் இந்தியைப் பேசிக் காட்டுகிறார்கள் என்றால், நீ பேசியதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். உன்னை வேண்டாதவர்கள் உன் பேச்சைக் கவனிக்க மாட்டார்கள், ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். அடுத்த தடவை பேசிக் காட்டினால் நீயும் அவர்கள் மராத்தியைப் பேசிக் காட்டு. தப்பும் தவறுமாகவே பேசு.

அந்த இட்லிக் கேள்வியை அயலூர்க்காரியைக் குத்துகிற பேச்சு என்று நினைத்துவிட்டாய். தாராவியில் நம் ஆட்கள் விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் பாத்திரம் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். பல வருஷமாக நடக்கிற வியாபாரம். இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த ஹாரன் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். உன்னிடம் இட்லி கேட்கிறவர்களுக்கு இட்லி புதுசு இல்லை, நீதான் புதுசு. தெரிந்த ஒன்றைச் சொல்லி உன்னைத் தெரிந்தவளாக்கிக்கொள்கிறார்கள்.

இப்போது திட்டு. அந்தப் படத்தை எடுத்தது தப்பு, கண்ணு. விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு ஓடிவந்த பெண்கள், கால் நீட்டி, தலையை அவிழ்த்துப் பின்னி, ராத்திரிச் சமையலுக்கு மடியில் பட்டாணி உரிக்கிற இடம் அது. மாமியார் பற்றி, மேனேஜர் பற்றி வாய்விட்டுப் பேசுகிற இடம். 1992 மே 5-ம் தேதி சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையில் பெண்களுக்கென்றே முழு ரயிலையே விட்ட தடம் உன்னுடையது. அந்தப் பெண்களுக்கு யார் கண்ணிலும் படாத ஒரு மணி நேரம் எவ்வளவு தேவை என்பதை நீயே தினமும் பார்க்கிறாய். அதைக் கேட்காமல் படம் பிடித்து முந்நூறு பேருக்குக் காட்டினால் முகம் மாறாமல் என்ன செய்யும்? 'தேவதைகள்' என்றது அதைவிட மோசம். தேவதை என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குக் கால் வலிப்பதும், உனக்காக ஒடுங்கி உட்கார்ந்ததில் தோள் பிடித்துக்கொண்டதும் உனக்குத் தெரியாமலே போய்விடும். ஸ்டேட்டஸ் ஒரு நாளில் போய்விட்டிருக்கும். போனிலிருந்தும் அழித்துவிட்டு, அந்த ஒருத்தரிடம் 'சாரி தாயி' என்று ஒரு வார்த்தை சொல் (தாயி என்றால் மராத்தியில் அக்கா). விளக்கம் எல்லாம் வேண்டாம்.

கடன் என்றாய். ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போய் நிற்காதே. விலையுள்ள பொருளைக் கொடுத்தால் அவர்களும் பதிலுக்கு வாங்க வேண்டி வரும், மாசக் கடைசியில் அது சுமை. தசராவுக்கு முந்தின நாள் பெட்டியை மாலை, தோரணம் கட்டி அலங்கரித்துப் பூஜை போடுவார்கள். அதற்கு வசூல் நடக்கும்போது எல்லோரும் கொடுக்கிற தொகையையே நீயும் கொடு, ஒரு ரூபாயும் அதிகமாக வைக்காதே. பெஞ்சில் மூன்றாவதாக உட்கார இடம் கிடைக்கிற அன்றைக்கு, வாசலில் முழித்துக்கொண்டு நிற்கிற புதுப் பெண்ணைப் பார்த்தால் பையைப் பிடித்து இழுத்து உட்காரவை.

இட்லியும் கொண்டுபோ, கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே. பி.ஜி.யில் நீ சமைக்க வழி இல்லை என்றால் முந்தின நாள் சாயங்காலம் மாட்டுங்காவில் வாங்கி ஃபிரிட்ஜில் வை, காலையில் பி.ஜி. சமையலறையில் ஆவி காட்டச் சொல். பன்னிரண்டு இட்லி போதும். நன்றாக ஆறவிடு, சூட்டோடு மூடினால் வேர்த்து, பொடி களியாகிவிடும். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டி, நாலு மேசைக்கரண்டி மிளகாய்ப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் குழைத்துப் பிரட்டு. பொடி காரம் குறைவாக இருக்கட்டும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், இந்த ஊர்ப் புழுக்கத்தில் புளித்துவிடும். சாம்பாரை நினைக்கவே நினைக்காதே, முதல் குலுக்கலில் யாராவது ஒருத்தரின் ஆபீஸ் குர்த்தாவில்தான் கொட்டும். அகலமான, தட்டையான டப்பாவாக எடு, அப்போதுதான் எதிர் பெஞ்சுக்கும் எட்டும். போரிவலியில் வண்டி நகர்ந்ததும் திறந்துவிடு. அந்தேரிக் கூட்டம் ஏறிவிட்டால் கையை மடக்கவும் இடம் இருக்காது, பாந்த்ராவுக்குப் பிறகு நீ வாசல் வரிசையில் நிற்க வேண்டும். காலி டப்பா அவர்களிடமே இருக்கட்டும், மறுநாள் தருவார்கள்.