அணு எரிபொருள் ஆலைகளில் பாதுகாப்பு ஆய்வு நடந்தும் விபத்து எப்படி நடக்கிறது? ஆய்வில் என்னதான் பார்க்கிறார்கள்?

நான் அணுத் துறையில் வேலை பார்த்தவன் இல்லை. ஒரு ரசாயன ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு எடுக்கும் முதல் வகுப்பில் நான் சொல்வது ஜப்பானின் டொக்காய்முரா விபத்தைத்தான். உங்கள் கேள்விக்கும் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். அணு உலை வேறு, உலைக்கு எரிபொருள் தயாரிக்கும் ஆலை வேறு. எரிபொருள் ஆலை பார்வைக்குச் சாதாரண ரசாயன ஆலை மாதிரிதான் இருக்கும். தொட்டி, குழாய், அமிலம், தூள். ஆனால் செறிவூட்டிய யுரேனியம், அதாவது எளிதில் பிளக்கும் வகை அணுக்களின் பங்கைக் கூட்டிய யுரேனியம், ஓர் அளவுக்கு மேல் ஒரே இடத்தில் சேர்ந்தால் தானாகவே தொடர்வினை தொடங்கிவிடும்: ஓர் அணு பிளக்கும்போது வெளியேறும் நியூட்ரான் என்ற துகள்கள் அடுத்த அணுக்களைப் பிளக்கும், அவை அதற்கடுத்தவற்றை. எடை மட்டுமல்ல, பாத்திரத்தின் வடிவமும் முக்கியம். ஈர வைக்கோலைப் போராகக் குவித்தால் உள்ளே சூடேறும், களத்தில் பரப்பிப் போட்டால் ஏறாது. ஏறக்குறைய அப்படித்தான். ஒல்லியான குழாயில் கரைசல் இருந்தால் நியூட்ரான்கள் பக்கவாட்டில் தப்பிப் போய்விடும். அகலமான தொட்டியில் இருந்தால் உள்ளேயே மோதிப் பெருகும். சுற்றித் தண்ணீர் இருந்தால் தப்பிப் போவதில் ஒரு பகுதியைத் திருப்பியும் அனுப்பும். அதனால் இந்த ஆலைகளில் ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்: ஒரு தடவைக்கு எத்தனை கிலோ, பாத்திரம் எவ்வளவு அகலம், இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, தண்ணீர் எங்கிருந்து வந்து சேரலாம்.

சரி, டொக்காய்முராவுக்கு வருவோம். இபராக்கி மாகாணத்தில் உள்ள அந்த ஊரில், சுமிடோமோ மெட்டல் மைனிங் நிறுவனத்தின் துணை நிறுவனமான ஜேசிஓ ஒரு எரிபொருள் ஆலை நடத்தியது. அங்கே வழக்கமான வேலை 5 சதவீதத்துக்கும் குறைவாகச் செறிவூட்டிய யுரேனியம். எப்போதாவதுதான் ஜோயோ என்ற சோதனை உலைக்காக 18.8 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் வரும். அதற்கென்று தனியாக ஒரு சிறிய கட்டடம். ஒரு தடவைக்கு 2.4 கிலோ என்பது வரம்பு.

அனுமதி வாங்கிய முறைப்படி, யுரேனியத் தூளை அதற்கான தொட்டியில்தான் கரைக்க வேண்டும். ஆனால் அதைக் கழுவிச் சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும். அதனால் எவர்சில்வர் வாளியில் கரைக்கத் தொடங்கினார்கள். அப்புறம் நிறுவனமே அதைத் தன் உள் கையேட்டில் எழுதி வைத்துக்கொண்டது. அரசுக்குச் சொல்லவில்லை. கரைசலை ஒரே சீராகக் கலக்க, ஒல்லியான சேமிப்புக் குழாயைப் பயன்படுத்தினார்கள். அந்த வடிவத்தால் அதுவரை ஆபத்து வரவில்லை.

1999 செப்டம்பரில் அந்த வேலைக்கு வந்த குழுவுக்கு அது புதிது. சேமிப்புக் குழாயின் திறப்பு கிட்டத்தட்ட தரையோடு ஒட்டி இருந்தது, அதிலிருந்து கரைசலைப் பிடிப்பது சிரமம். பக்கத்திலேயே கலக்கியோடு கூடிய வீழ்படிவுத் தொட்டி (கரைசலிலிருந்து யுரேனியத்தைத் திடப்பொருளாகப் பிரிக்கும் தொட்டி) இருந்தது. அகலமானது, வெளியே குளிர்விக்கும் தண்ணீர் உறை வேறு. வாளியிலிருந்து புனல் வைத்து அதில் ஊற்றினார்கள். முந்தின நாள் நான்கு தடவை, 30ஆம் தேதி காலை மேலும் மூன்று. ஏழாவதை ஊற்றும்போது, 10.35 மணிக்கு நீல ஒளி. தொடர்வினை தொடங்கிவிட்டது. தொட்டியில் இருந்தது சுமார் 16.6 கிலோ யுரேனியம். வரம்பைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு.

தொடர்வினை சுமார் 20 மணி நேரம் நீடித்தது. ஊழியர்கள் இருவர் இருவராகச் சில நிமிடங்கள் மட்டும் உள்ளே ஓடி, அந்தத் தண்ணீர் உறையை வடித்த பிறகுதான் அடங்கியது. பிறகு நியூட்ரான்களை உறிஞ்சும் போரிக் அமிலம் செலுத்தினார்கள். 350 மீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்ற, மத்திய அரசுக்குக் காத்திராமல் முடிவெடுத்தவர் ஊர்த் தலைவர் முராகாமி தட்சுயா. அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஊற்றிய இருவரில் ஒருவர் கதிர்வீச்சுப் பாதிப்போடு 83 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். இன்னொருவர் அடுத்த ஏப்ரலில் இறந்தார். தங்கள் கையில் இருப்பது என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. அதிகாரிகள் எங்கே போனார்கள்? அன்றைய சட்டப்படி, எரிபொருள் ஆலைகளில் வேலை எப்படி நடக்கிறது என்று அடிக்கடி வந்து பார்க்கும் கட்டாயம் இல்லை. அந்தக் கட்டடத்திலோ வேலையே எப்போதாவதுதான் நடக்கும். அவர்கள் போன சமயங்களில் அது ஓடவில்லை. தொட்டிகள் வரைபடத்தில் இருந்த மாதிரியே நின்றன. ஓடாத ஆலையில் எதைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

1999 டிசம்பரில் சட்டத்தை மாற்றினார்கள். எரிபொருள் ஆலைகளிலும் விதிப்படி வேலை நடக்கிறதா என்ற ஆய்வு, வருடத்துக்கு நான்கு தடவை என்று அப்போது வைத்தார்கள். ஆலை இருக்கும் பகுதியிலேயே தங்கி வேலை பார்க்கும் ஆய்வாளர்கள். விதிமீறலை ஊழியர் நேராக அரசிடம் சொல்லலாம், அதற்காக நிறுவனம் அவரைத் தண்டிக்கக் கூடாது. என்னைக் கேட்டால் மூன்றில் இந்தக் கடைசி ஏற்பாடுதான் பெரியது. வாளியைப் பற்றி அதைப் பிடித்தவருக்குத்தான் முதலில் தெரியும். ஜேசிஓவின் உரிமம் 2000இல் ரத்தானது. 2003இல் நிறுவனத்தையும் அதன் ஆறு பேரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நானே அப்படி ஓர் ஆலையில் இருந்திருக்கிறேன். ஒரு வால்வு, ஆபத்து வந்தால் தானாக மூட வேண்டியது. அதைக் கட்டுக்கம்பி போட்டுத் திறந்தே வைத்திருப்பார்கள். ஆய்வு தேதி முன்கூட்டியே தெரியும். முந்தின நாள் கம்பியை அவிழ்ப்போம், மறுநாள் மறுபடி கட்டுவோம். நான் அப்போது ஜூனியர். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

பொறுப்பு என் கைக்கு வந்ததும் இரவு ஷிஃப்டில் சொல்லாமல் போக ஆரம்பித்தேன். விதி என்ன என்று கேட்க மாட்டேன். "இதில் எந்த வேலைண்ணே ரொம்பக் கஷ்டம்?" என்றுதான் கேட்பேன். அப்படி ஒரு நாள் கேட்டபோது ஒரு மூத்த ஆப்பரேட்டர் அந்த வால்வைக் காட்டினார். அதன் சென்சார் ஒன்றுமில்லாததற்கெல்லாம் வால்வை மூடிவிடுமாம். ஒவ்வொரு தடவையும் அவர் நான்கு மாடி ஏறிப்போய்த் திறக்க வேண்டும். முட்டி வலியோடு.

சென்சாரை மாற்றினோம். அதற்குப் பிறகு அங்கே யாரும் கம்பி கட்டவில்லை.