மேடிசனில் முனைவர் படிப்பு: குடும்பத்தோடு ஈகிள் ஹைட்ஸில் தங்கலாமா, வெளியே வீடு பார்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் ஆகஸ்டில் முனைவர் படிப்பில் சேர்கிறேன். மனைவியும் மூன்று வயது மகளும் கூட வருகிறார்கள். பல்கலைக்கழகக் குடியிருப்பான ஈகிள் ஹைட்ஸ் நல்லதா, ஊருக்குள் தனியாக வீடு பார்ப்பதா? அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதில்:

நான் அங்கே படித்தவள் இல்லை, படித்தவரின் மனைவி. மாணவரின் துணைவருக்குத் தரும் எஃப்-2 விசாவில் போய் ஈகிள் ஹைட்ஸில் சில வருடங்கள் குடித்தனம் நடத்தினேன். அதனால் என் பதில் ஒருபக்கச் சாய்வோடுதான் இருக்கும். வீட்டை உங்களுக்காகப் பார்க்காதீர்கள், உங்கள் மனைவிக்காகப் பாருங்கள்.

நீங்கள் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவீர்கள். லேப், வகுப்பு, டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலை, கூடப் படிப்பவர்கள் என்று உங்களுக்கு ஊர் தானாகவே அமைந்துவிடும். அவருக்கு அப்படி இல்லை. அந்த வீடு, அதைச் சுற்றிக் குழந்தையோடு நடந்து போய்வரக்கூடிய தூரம், அவ்வளவுதான் அவருடைய அமெரிக்கா. வாடகையில் ஐம்பது டாலர் குறைகிறது, துறைக்குப் பத்து நிமிடம் பக்கம் என்ற கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான்.

விசா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் பலர் ஊரில் இருக்கும்போது சரியாகக் கேட்டுக்கொள்வதில்லை. நீங்கள் எஃப்-1 (மாணவர் விசா) என்றால் மனைவிக்கு எஃப்-2. அதில் வேலை பார்க்கக் கூடாது, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைக்காது. முழுநேரப் பட்டப்படிப்பில் சேர முடியாது. பகுதி நேரமாகப் படிக்கலாம், அது 2015இல் வந்த தளர்வு. நீங்கள் ஜே-1 (பரிமாற்றத் திட்ட விசா) என்றால் அவருக்கு ஜே-2. அதில் வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜே-1இல் வருபவர்களில் சிலருக்கு, உதவித்தொகை எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, இரண்டு வருடம் ஊரில் இருந்துவிட்டுத்தான் அடுத்த சில விசாக்களுக்குப் போகலாம் என்ற நிபந்தனை ஒட்டிக்கொள்ளும். ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அங்கே போய் நவம்பரில் பேசினால் அந்தப் பேச்சு சண்டையாகத்தான் முடியும்.

இனி வீடு. ஈகிள் ஹைட்ஸ் வளாகத்தின் மேற்குக் கோடியில், மென்டோட்டா ஏரிக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. 1950களின் கடைசியில் கட்டத் தொடங்கிய எளிமையான அடுக்குக் கட்டடங்கள், நடுவில் புல்வெளி, குழந்தைகள் விளையாட இடம். பளபளப்பு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். துணி துவைக்கப் பொது லாண்டரி அறைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்கு முதல் தோழி கிடைத்தது அந்த அறையில்தான், அதனால் குறை சொல்ல மாட்டேன். வெப்பமூட்டும் செலவு வாடகையிலேயே அடங்கிவிடுகிறது. அந்த ஊர்க் குளிரில் இது சின்ன விஷயம் இல்லை. காத்திருப்போர் பட்டியல் உண்டு, அதனால் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள்.

80ஆம் எண் பேருந்து அங்கிருந்து பல்கலைக்கழக மருத்துவமனை வழியாக மெமோரியல் யூனியன் என்ற மாணவர் மையம் வரை போகிறது. யார் ஏறினாலும் டிக்கெட் கிடையாது. மாணவருக்கு நகரப் பேருந்துகளில் பாஸ் இருக்கும், மனைவிக்கு இருக்காது. அதனால் இந்த 80 இலவசம் என்பது உங்களைவிட அவருக்குத்தான் பெரிது. சும்மா ஏறி ஊர்சுற்றி வரலாம், நான் அப்படித்தான் வழி கற்றுக்கொண்டேன்.

குடியிருப்பில் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கும். பாதிப் பேர் உங்கள் மனைவியைப் போல வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர்கள். சமூகக் கூடத்தில் ஆங்கில வகுப்பு நடக்கும். நல்ல ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் போகச் சொல்லுங்கள். அங்கே போவது ஆங்கிலத்துக்காக மட்டும் இல்லை. நம் ஆட்களும் இருப்பார்கள். ஒரு மதுரைக்கார அக்கா எனக்கு அங்கே தாய்வீடு மாதிரி இருந்தார். ஆனால் தமிழர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டால் இரண்டு வருடத்தில் அவர்கள் படிப்பு முடிந்து கிளம்பும்போது மொத்தமும் காலியாகிவிடும். மாணவர் குடியிருப்பில் எல்லாருமே கிளம்புகிறவர்கள்தான்.

வெளியே பார்ப்பதென்றால் யூனிவர்சிட்டி அவென்யூவை ஒட்டி மேற்கே ஷெபாய்கன் அவென்யூ பக்கம் பாருங்கள். பெரிய அடுக்குமாடிகள், வெளிநாட்டு மாணவக் குடும்பங்கள் நிறைய, ஹில்டேல் கடைகள் நடக்கிற தூரம். ஸ்டேட் ஸ்ட்ரீட், லாங்டன் பக்கம் இளங்கலைப் பிள்ளைகளின் ராஜ்ஜியம். சனிக்கிழமை இரவு குழந்தை தூங்காது, விட்டுவிடுங்கள்.

வெளி வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. வளாகத்தை ஒட்டிய வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் 14 நண்பகலில் முடிந்து 15 நண்பகலில் தொடங்கும். நடுவில் ஓர் இரவு, ஊரில் பாதி மாணவர்கள் வீடற்றவர்கள். மூட்டை முடிச்சோடு நண்பர்கள் வீட்டிலும் வண்டியிலும் படுத்திருப்பார்கள். காலி செய்கிறவர்கள் வேண்டாததையெல்லாம் தெருவோரம் வைத்துவிட்டுப் போவதால் அந்த நாட்களுக்கு உள்ளூரில் ‘ஹிப்பி கிறிஸ்துமஸ்’ என்றே பெயர். மேசை, நாற்காலி, புத்தக அலமாரி எதுவும் கடையில் வாங்காதீர்கள், அந்த வாரம் தெருவில் நடந்தாலே போதும். ஆனால் மெத்தை, சோபா மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி வந்தால் எடுத்த பொருளோடு சேர்த்து உங்களுடையதையும் தெருவில் வைக்க வேண்டிவரும்.

டி.ஏ. அல்லது ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) பணி ஆணை இருந்தால் மாநில ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீடு உங்களுக்கும் கிடைக்கும், அதில் மனைவியையும் மகளையும் சேர்க்கலாம். பணி தொடங்கி 30 நாளுக்குள் படிவம் போட வேண்டும். இதை நீங்கள் மறந்தால் அவதிப்படப் போவது அவர்கள்தான். முதல் சம்பளம் வர நாளாகும், அதுவரைக்கும் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஈகிள் ஹைட்ஸை ஒட்டி ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. 1962 முதல் நடக்கிறது. நூற்றுக்கணக்கான பாத்திகள், ஆண்டுக்கொரு சிறு கட்டணம், ரசாயனப் பூச்சிமருந்து கூடாது. குளிர்காலம் முடிவதற்குள்ளேயே பாத்திக்குப் பெயர் கொடுத்துவிட வேண்டும். மே நடு வரைக்கும் உறைபனி பயம், அக்டோபரில் மறுபடி உறைபனி. அந்த நடு மாதங்களில் கத்தரி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெந்தயக்கீரை எல்லாம் ஊரில் வருவதைவிட வேகமாக வரும், கோடையில் இரவு எட்டரை வரை வெயில் அல்லவா. வெண்டைக்காய் மட்டும் ஆகஸ்ட் வரைக்கும் முரண்டு பிடிக்கும்.

பருப்புக்கீரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே அது களை. யாரும் விதைப்பதில்லை, எல்லாப் பாத்தியிலும் தானாகவே படர்ந்து கிடக்கும், பிடுங்கி ஓரமாகக் குவித்து வைப்பார்கள். நான் கேட்டு வாங்கி வருவேன். எதற்கு என்று கேட்ட பக்கத்துப் பாத்திக்காரர், மெக்சிகோ நாட்டுக்காரர், தெரிந்ததும் சிரித்துவிட்டு, தன் வீட்டிலும் இதைச் சமைப்போம் என்றார். ஆகஸ்டில் வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் பருப்புக்கீரைக் கூட்டுதான். அந்தத் தோட்டத்தில்தான் முதல்முறையாக ‘இன்னாரின் மனைவி’ என்று இல்லாமல் என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

குளிரைப் பற்றி எல்லாரும் பயமுறுத்தியிருப்பார்கள், அது உண்மைதான். ஜனவரியில் பகல் வெப்பமே பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும். 2019 ஜனவரி கடைசியில் மைனஸ் 30 செல்சியஸைத் தாண்டிக் கீழே போய் வகுப்புகளையே நிறுத்தினார்கள். ஏரி டிசம்பர் கடைசி வாக்கில் உறைந்து ஏப்ரல் தொடக்கத்தில்தான் உருகும், அதன்மேல் நடந்துபோய்த் துளைபோட்டு மீன் பிடிப்பார்கள். ஆனால் குளிரைவிட இருட்டுதான் ஆளை வதைக்கும். டிசம்பரில் நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். நீங்கள் வீடு திரும்பும்போது அவருக்கு இரவு தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டும் பூட்ஸும் அங்கே போய் வாங்குங்கள். ஊர்க் கடையில் விற்கும் ஸ்வெட்டர்கள் ஊட்டிக்குத்தான் ஆகும்.

அந்த மாதங்களுக்கு மெமோரியல் நூலகம் ஒரு துணை. அங்கே தமிழ்ப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. 1960களில் அமெரிக்கா பி.எல். 480 திட்டத்தில் கோதுமை அனுப்பியதற்கு இந்தியா ரூபாயில் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை, இந்திய மொழி நூல்கள் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பச் செலவழித்தார்கள். நம் தாத்தா பாட்டி ரேஷனில் வாங்கித் தின்ற கோதுமையின் காசு, பனி கொட்டுகிற ஊரில் புத்தகமாக உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நூலக அட்டையில் எடுத்துவந்து மனைவியிடம் கொடுங்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்லாவிட்டால் பாவம். ஈகிள் ஹைட்ஸ் பக்கமிருந்து ஏரிக்கரையோரமாகவே யூனியன் வரை போக ஒரு பாதை இருக்கிறது, பனி இல்லாத மாதங்களில் சைக்கிளில் போங்கள். 1975இல் நோபல் பரிசு பெற்ற இந்தப் பல்கலைக்கழக விஞ்ஞானி ஹோவர்ட் டெமின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஹர் கோவிந்த் கொரானாவுக்கு 1968இல் நோபல் கிடைத்தபோது அவரும் இதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். என் கணவர் இதை வருகிற விருந்தாளி எல்லாரிடமும் சொல்லுவார்.

சமையலுக்கு: ஊர் மிக்ஸி அங்கே ஓடாது, மின்சாரம் 120 வோல்ட். 110 வோல்ட் மாடல் என்று கேட்டு வாங்குங்கள். குக்கர் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள், வேண்டாம். தாளிக்கும்போது ஜன்னலைத் திறக்காவிட்டால் புகை அலாரம் அலறும். மாவு குளிரில் பொங்காது, ஓவனை அணைத்துவிட்டு, அதன் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவை அதற்குள் இரவு முழுக்க வைத்தால் காலையில் இட்லி வரும்.

கார் முதல் வருடம் அவசியமில்லை. ஆனால் ஓட்டுநர் உரிமம் எஃப்-2இல் இருப்பவரும் எடுக்கலாம். கார் வாங்கும்போது மனைவியும் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும், பனி விழாத மாதங்களில்.

மகளுக்கு: மேடிசன் அரசுப் பள்ளிகளில் ‘ஃபோர்-கே’ என்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான வகுப்பு இலவசம். செப்டம்பர் 1 அன்றோ அதற்கு முன்போ நான்கு முடிந்திருக்க வேண்டும், ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தாலும் அடுத்த வருடம்தான். அதற்கடுத்து, ஈகிள் ஹைட்ஸ் பிள்ளைகள் போவது பக்கத்திலுள்ள ஷோர்வுட் ஹில்ஸ் தொடக்கப்பள்ளி. ஆங்கிலம் தெரியாமல் வரும் குழந்தைகள் அங்கே புதிதல்ல. மகள் பிறந்த மாதம் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. சொன்னால் இந்த வருடமே சேர்க்கலாமா, ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.